காய்ச்சலுக்கு வாசித்த பக்கம்

மழையில் ஊறிய மலிவுக் காகிதத்துக்கு, பசையும் புளித்த மாவும் கலந்தாற்போல ஒரு வாடை உண்டு. ஜோகுபாளையத்தில் நாங்கள் குடியிருந்த, தகரக் கூரை போட்ட "ஷீட் வீடு" ஒழுகத் தொடங்கினால் அப்பா பாத்திரம் தேடமாட்டார். முதலில் அலமாரிப் புத்தகங்களை இழுத்துக் கட்டில்மேல் குவித்து பிளாஸ்டிக் தாளால் மூடுவார். சபை வாசலில் மேசை போட்டு விற்ற சின்னச் சின்னப் புத்தகங்கள். எல்லாம் ஒருவரே எழுதியவை. அவரை அப்பா நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் பெயர் சொல்லாமல் "ஐயா" என்றுதான் குறிப்பிடுவார்.

நான் பிறப்பதற்கு முன் எனக்கு ஓர் அண்ணன் இருந்தான். ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட சற்று நேரத்தில் இறந்துபோனான். ஏன் என்று யாரும் அப்பாவுக்குச் சொல்லவில்லை. ஐயாவின் புத்தகம்தான் சொன்னது: மருந்தை நம்பும் வீட்டில் கர்த்தருக்கு இடமில்லை என்று. அந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டுதான் அப்பா எழுந்து நடமாடினார், மறுபடி ஃபேக்டரிக்குப் போனார். அதனால் அம்மாவும் எதிர்க்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் வீட்டில் காய்ச்சல் மாத்திரைகூட இல்லாமல் போயிற்று.

மாலை ஜெபம் முடிந்ததும் ஐயாவைச் சத்தமாக வாசிப்பது என் வேலை. எனக்கு அது பிடித்திருந்தது. அவருடைய வாக்கியங்கள் ஏறிக்கொண்டே போய், இதற்குமேல் மூச்சில்லை என்னும் இடத்தில் இருட்டில் கொண்டுபோய் நிறுத்தும். பள்ளிக் கட்டுரைகளை நானும் அப்படியே எழுதினேன். கண்ணை மூடி ஜெபித்தால் கடவுள்கூட ஐயாவின் தமிழில்தான் பேசினார்.

நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. தெருவில் ஏற்கெனவே பலர் அதே காய்ச்சலில் படுத்திருந்தார்கள். ஜெபத்துக்குச் சபையார் வந்து போனார்கள். காய்ச்சல் இறங்கியதும் அப்பா கண்ணீரோடு தோத்திரம் சொன்னார். ஆனால் அன்று மத்தியானமே அக்காவின் கைகால்கள் சில்லிட்டன. தலையணையில், வாய்ப் பக்கமாக, ரத்தம் படிந்திருந்தது.

"சோதனைம்மா. பயப்படாத. அந்தப் பக்கத்த வாசி," என்றார் அப்பா.

எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும்; மருந்தை நம்பும் வீட்டைப் பற்றியது. வாசித்தேன். குரல் நடுங்கினாலும் வாக்கியம் நடுங்கவில்லை. அது தன்பாட்டுக்கு அழகாக ஏறிப் போனது. பாதியில் அம்மா என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி மூடி அலமாரியில் வைத்தாள். பிறகு அக்காவைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். அப்பா கதவை மறித்து நின்றார்.

"ஐயா என்ன எழுதியிருக்காருன்னு தெரிஞ்சுமா போற?"

"அவருக்கு எழுதத் தெரியும். இது நான் பெத்த புள்ள. வழிய விடுங்க."

அதற்குள், எங்கள் சத்தம் கேட்டு ஓடிய வீட்டுக்கார மஞ்சுளா ஆன்ட்டி தெருமுனையிலிருந்து ஆட்டோவோடு வந்துவிட்டார். "பேகா வாம்மா, பேகா!" என்று அவர் கன்னடம் கலந்து அவசரப்படுத்திக் கத்தியதும், அப்பா என்ன நினைத்தாரோ, ஒதுங்கி நின்றார்.

இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்கமாட்டாள் என்றார் டாக்டர். அக்கா பிழைத்தாள். அவள் வீடு திரும்பியபின் வந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் அப்பா எழுந்து, ஜெபம் கேட்கப்பட்டது என்று சாட்சி சொன்னார். ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பக்கத்தில் நின்ற அக்கா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பிறகு அவள் எங்களோடு ஜெபத்துக்கு உட்காரவே இல்லை.

அந்தத் தெருவில் இப்போது ஷீட் வீடுகள் இல்லை. சபை வாசலில் புத்தக மேசையும் இல்லை. அப்பா காலமாகிவிட்டார். ஐயாவின் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரிவதில்லை. எழுதுவது என் தொழிலாகிவிட்டது. துக்கம், மௌனம், விசுவாசம் பற்றியே அதிகம் எழுதுகிறேன். மருத்துவம் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. ஹெப்பகோடியில் இருக்கும் அக்கா என் புத்தகங்களைத் தொடுவதில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "நீ நல்லாத்தான் எழுதுவ. அதான்டி பயமா இருக்கு," என்றாள்.

சென்ற மாதம் ஒரு வாசகர் கூட்டம் முடிந்து நான் வெளியே வந்தபோது, நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி என் கையைப் பற்றிக்கொண்டாள். முகத்தில் அவ்வளவு மலர்ச்சி.

"உங்க புக் படிச்சதுல இருந்து மனசு லேசாயிடுச்சு மேடம். ஃபிட்ஸ் மாத்திரையக்கூட நிறுத்திட்டேன்."

"நான் அப்படி எங்கயும் எழுதலயேம்மா."

"எழுதல மேடம். ஆனா படிக்கிறப்ப எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு."

அப்போதே அவளை எதிர்ச்சாரி மெடிக்கல் ஷாப்புக்கு அழைத்துப்போய், அவள் பையிலிருந்த பழைய மருந்துச் சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். இன்றைக்கே டாக்டரைப் பார்த்து, அவர் சொல்கிறபடி மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்று கெஞ்சினேன். அவள் மாத்திரை அட்டையைக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"டாக்டர் எத்தனையோ தடவ சொல்லிட்டாரு மேடம், நான் கேக்கல. இப்ப நீங்க சொல்லிட்டீங்க இல்ல, போட்டுக்கறேன்."