வெறும் கோதும் இரட்டை மருந்தும்

1. பொத்தென்று ஒரு சத்தம்

கடை பூட்டுகிற நேரத்தில் வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. சனிக்கிழமையில் வருகிறவர்களை அதைவிடப் பிடிக்காது. அன்று கையைக் கழுவி, ஏப்ரனைக் கழற்றிக் கொளுவிய பிறகுதான் சிவம் அண்ணை பிஸ்டல் பெட்டியோடு வந்து நின்றார். முகம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருந்தது.

"தங்கச்சி, ஒருக்கா இதைப் பாருங்கோ. சுடுது இல்லை."

பெட்டியைத் திறந்தேன். ரவைகள் எல்லாம் கழற்றித்தான் இருந்தன. பித்தளைக் கம்பியைக் குழலுக்குள் விட்டேன். பாதியில் நின்றுவிட்டது. டோர்ச் அடித்துப் பார்த்தால் ரவையின் நுனியில் இருக்கும் சன்னம் ஒன்று குழலின் நடுவில் இறுகிப்போய் இருக்கிறது.

"சத்தம் எப்பிடிக் கேட்டது?"

"பொத்தெண்டு. பலூன் உடைஞ்ச மாதிரி. வெடிக்கேல்லையாக்கும் எண்டு நினைச்சு ஸ்லைட்டை இழுத்து அடுத்ததை ஏத்திப்போட்டன். பக்கத்தில நிண்ட சூட்டுக் கிளப்காரன் கத்திக்கொண்டு வந்து தோளைப் பிடிச்சான்."

அந்தக் கிளப்காரன் யாரோ, நன்றாக இருக்கட்டும். அடைத்திருக்கும் குழலில் இன்னொன்றைச் சுட்டிருந்தால் குழல் வெடித்திருக்கும். சிவம் அண்ணை என் முன்னால் இரண்டு கையோடும் நின்றிருக்க மாட்டார்.

வெடிமருந்து போடாத ரவை இப்படித்தான் செய்யும். அடியில் பதித்த பிரைமரின் பொறி மட்டும் சன்னத்தைத் தள்ளிவிட்டுக் களைத்துவிடும். ரவையின் பித்தளைக் கோதுக்குள் மருந்தே விழவில்லை என்று அர்த்தம். சிவம் அண்ணை வீட்டில் தானே செய்த ரவை அது; ஏன் விழவில்லை என்பதுதான் கேள்வி. ஏப்ரனைத் திரும்பக் கட்டிக்கொண்டேன்.

2. மிச்சம் பிடிக்கிறவர்கள்

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன் என்பதால் என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிரின்ஸ்டெட் என்கிற டேனிஷ் ஊரில் ஓர் உலோகப் பட்டறையில் பல வருடம் சிஎன்சி மெஷினில் நின்றேன். பட்டறை மூடியது. சில்க்போர்க்கில் வேட்டைக்கும் சூட்டுப் போட்டிக்கும் சாமான் விற்கும் கடையொன்றின் பின்பட்டறையில் ஆள் தேவை என்றார்கள். துவக்குச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்த நாட்டிலிருந்து வந்தவள், துவக்குக் கடையில் சம்பளம் வாங்கினேன். இதில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. வீட்டு வாடகை கட்ட வேண்டியிருந்தது.

கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால் விளையாட்டுச் சாமான் கடை என்பேன். ஒருமுறை ஒரு மாமி, பேரனுக்குப் பட்மின்டன் மட்டை கழிவு விலையில் எடுத்துத் தரச் சொல்லி விடாப்பிடியாக நின்றார். கடைசியில் வேறு கடையில் முழு விலைக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரே கேள்வி. ரவையை நாங்களே செய்தால் எவ்வளவு மிச்சம் வரும்? சுட்ட கோதைப் பொறுக்கிக் கழுவி, டை என்கிற அச்சில் அமுக்கி அளவுக்குக் கொண்டுவந்து, புதுப் பிரைமர் பதித்து, மருந்து போட்டு, மேலே சன்னத்தை வைத்து அமுக்கினால் ரவை தயார். கோதுக்குக் காசில்லை, அதனால் மலிவு. போலீஸ் அனுமதி எடுத்தவர்கள் வீட்டிலேயே செய்யலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

பிறகு அமுக்குகிற மெஷின், அதாவது பிரஸ், வாங்குவார்கள். டை, தராசு, கோது கழுவும் மெஷின். அதன்பின் முதல் வாங்கிய பிரஸ் வேகம் காணாது என்று இன்னொன்று. எல்லாம் வாங்கி முடித்ததும், ரவைதான் மலிவாயிற்றே என்று முந்தியதைவிட இரண்டு மடங்கு சுடுவார்கள். மிச்சம் பிடித்த காசைக் கண்ணால் கண்ட ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. இதை முதலாளி பென்ட்டிடம் சொன்னேன்.

"அதை மட்டும் அவர்களிடம் சொல்லிவிடாதே," என்றார். "பிறகு நாங்கள் இரண்டு பேரும் வேலை தேட வேண்டி வரும்."

சிவம் அண்ணையின் விஷயம் வேறு. ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவருக்குப் பிஸ்டலிலே பெரிய ஆசை எதுவும் கிடையாது. ஆசை மகள் ஆரணிக்கு. பள்ளிக்கூடத் தோழி ஒருத்தியோடு கிளப்புக்குப் போனவள், நன்றாகச் சுடப் பழகிவிட்டாள். இப்போது ஓஹூஸில் படிக்கிறாள். வார விடுமுறைக்கு வருவாள். தகப்பன் தமிழில் கேட்பார், மகள் டேனிஷில் பதில் சொல்வாள், இரண்டு பேரும் அதோடு பேச்சை முடித்துக்கொள்வார்கள். அவளோடு காரில் போய்வரும் நேரத்துக்காகவே அவரும் கிளப்பில் சேர்ந்தார் என்று எனக்குத் தெரியும். இரண்டு பேர் சுடுகிற செலவு ஒரு சம்பளத்துக்குத் தாங்காது. அதற்காகத்தான் கோது பொறுக்கத் தொடங்கினார்.

3. அக்கா கனடாவிலிருந்து எடுத்தவ

"மருந்து போடேக்க என்ன செய்தனீங்கள்?"

"என்ன செய்யுறது? மருந்துதான் போட்டனான்."

"வேற?"

"வேற ஒண்டும் இல்லை, தங்கச்சி."

நான் பேசாமல் நின்றேன். இந்தக் கடையில் நான் பழகிய நல்ல வேலை அது ஒன்றுதான். கொஞ்ச நேரத்தில் அவராகவே சொன்னார்.

"அக்கா கனடாவில இருந்து எடுத்தவ. காணிப் பிரச்சினை. போனை ஸ்பீக்கரில போட்டு மேசையில வைச்சிட்டு என்ர பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தனான். வாய்தானே கதைக்குது, கை சும்மாதானே இருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் எங்களில் யார் அப்படிச் செய்யாதவர்? வெங்காயம் வெட்டும்போது ஸ்பீக்கரில் அக்கா, உடுப்பு மடிக்கும்போது தங்கச்சி, கார் ஓட்டும்போது மச்சான். உலகம் முழுக்கச் சிதறிப்போன சனம் நாங்கள், போனில்தான் ஒரே வீட்டில் இருக்கிறோம். சும்மா உட்கார்ந்து போன் கதைத்தால் நேரம் வீணாகிறது என்று வேறு நினைக்கிறோம். பிரஸ் விற்கும்போது நான் எல்லோரிடமும் சொல்வது, போனை வேறு அறையில் வையுங்கள் என்பதுதான். சிவம் அண்ணையிடமும் சொன்னேன். ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

"கதை முடிஞ்சதும் எங்க விட்டனியள் எண்டு தெரிஞ்சதோ?"

"அதுதான் கொஞ்சம் மாறிப்போச்சு. ஒரு கோதை விட்டிட்டனோ எண்டு சந்தேகம். அதால அடுக்கி வைச்ச கோது வரிசையில ஒரு இடத்தைக் குறி வைச்சு அதில இருந்து திருப்பித் தொடங்கினனான்."

"திருப்பிப் போட்டதுக்குள்ள மருந்து இருந்ததோ எண்டு பாத்தியளோ?"

அவர் பிஸ்டல் பெட்டியின் மூடியை மெல்லச் சாத்தினார்.

இந்த இடத்தைப் புதிய பிள்ளைகள் கவனமாக வாசிக்க வேண்டும். அவர் எந்த இடத்தைக் குறி வைத்தாரோ அது பிழை. விடுபட்ட கோது வெறுமையாகவே போய்விட்டது. ஏற்கனவே மருந்து விழுந்த இன்னொரு கோதில் இரண்டாம் தரமும் விழுந்திருக்கும். வெறும் கோது குழலை அடைக்கும், அதைக் கம்பியால் தட்டி எடுக்கலாம். இரட்டை மருந்து பிஸ்டலையே கையில் வைத்து உடைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் நல்ல ரவையைப்போலவே இருக்கும்.

"மிச்சம் எல்லாம் எங்க, அண்ணை?"

"வீட்டில. பிஸ்கட் தகரத்துக்குள்ள ஒண்டாக் கொட்டி வைச்சிருக்கிறன்." பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "ரெண்டு பெட்டி ஆரணியிட்டை இருக்கு. நாளைக்குப் போட்டி. ஹ்விடோவ்ரேயில சித்தி வீட்டில நிக்கிறாள். இண்டைக்குப் பின்னேரம் அங்க பயிற்சி."

தன் கையால் செய்ததைத் தானே சுட வேண்டும், இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. எங்கள் கடையில் நாங்கள் சொல்லும் முதல் விதி அது. அன்று அதைத் திருப்பிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். பின்னேரம் தொடங்கிவிட்டிருந்தது.

4. இரண்டு பாஷையில் ஒரு போன்

ஆரணி போனை எடுக்கவில்லை. சுடும் இடத்தில் எல்லோரும் காதை மூடியிருப்பார்கள், போன் பைக்குள் கிடக்கும். சிவம் அண்ணை திரும்பத் திரும்ப எடுத்தார். பென்ட் முன்கதவைப் பூட்டிவிட்டு வந்து, என்ன நடந்தது என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். கோப்பி ஊற்றிச் சிவம் அண்ணையின் முன்னால் வைத்தார். அது அப்படியே ஆறிப்போனது.

கடைசியில் அவளே திருப்பி எடுத்தாள். சிவம் அண்ணை போனை என் பக்கம் நீட்டினார்.

"நீங்கள் சொல்லுங்கோ, தங்கச்சி."

"நான் சொல்ல மாட்டன். உங்கட பிள்ளை, உங்கட ரவை. நீங்கள்தான் சொல்லோணும்."

ஸ்பீக்கரில் போட்டார். "பிள்ளை, அந்தப் பெட்டியள் மாறிப்போச்சு. அதைப் பாவிக்காதை," என்றார்.

வெட்கம் மனிதனை எப்படிப் பொய் சொல்ல வைக்கிறது பாருங்கள். மகள் டேனிஷில் சிரித்தாள். அப்பாவை டேனிஷ் முறையில் ஃபார் என்றுதான் கூப்பிடுவாள். எல்லாம் ஒன்றுதானே, ஃபார், ஒரு பெட்டியில் பாதி சுட்டாயிற்று, நன்றாகத்தான் போகிறது, இடைவேளை முடியப்போகிறது, வைக்கிறேன் என்றாள்.

நான் மேசையில் ஓங்கி அடித்தேன். பென்ட்கூடத் திரும்பிப் பார்த்தார். சிவம் அண்ணை கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். போன் கதைத்தது, இடம் மாறியது, குழல் அடைத்தது, இன்னொன்றில் இரட்டை மருந்து இருக்கலாம் என்பது. "அப்பாவில பிழை," என்று முடித்தார்.

போனில், தூரத்தில் யாரோ சுடுவது மட்டும் கேட்டது.

"அப்பா, உங்கட கைக்கு ஒண்டும் இல்லையோ?" என்றாள் ஆரணி. தமிழில்தான் கேட்டாள்.

"இல்லை, பிள்ளை."

பிறகு மறுபடியும் டேனிஷுக்குப் போய்விட்டாள். எல்லாவற்றையும் மூடிக் கட்டித் திருப்பிக் கொண்டுவருகிறேன், போட்டிக்கு அங்கேயே வாங்குகிறேன் என்றாள். சிவம் அண்ணை வாயைத் திறந்தார். கடை ரவையின் விலை அவருடைய வாய்வரைக்கும் வந்ததை நான் கண்டேன். நல்ல காலம், விழுங்கிவிட்டார்.

5. சுத்தியல்

ரவையைத் திரும்பப் பிரிப்பதற்குப் பிளாஸ்டிக் சுத்தியல் ஒன்று இருக்கிறது. ரவையைச் சுத்தியலின் தலைக்குள் வைத்துப் பூட்டி, கட்டையில் ஓங்கி அடிக்க வேண்டும். இரண்டு மூன்று அடியில் சன்னமும் மருந்தும் கழன்று விழும். அது ஒரு ரவைக்கு. என் வலது தோள் இன்றைக்கும் சரியில்லை என்றால், இப்படிப்பட்ட சுத்தியல்களுக்கும் அதில் பங்குண்டு.

திங்கட்கிழமை பின்னேரம் பட்டறையில் தகப்பன், மகள், நான் மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஆரணி ஓஹூஸுக்குப் போகாமல் நின்றுவிட்டாள். போட்டியில் சுமாராகத்தான் சுட்டாளாம், அதைப் பற்றி யாரும் பேசவில்லை. சிவம் அண்ணை பிஸ்கட் தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு கடைசியாக ஒருமுறை முயன்று பார்த்தார்.

"நிறுத்துப் பாத்தால் என்ன, தங்கச்சி? பாரம் கூடினதை மட்டும் உடைப்பம்."

"கோது எல்லாம் ஒரே கொம்பனியோ? நிலத்தில பொறுக்கினது. ஒவ்வொண்டும் ஒவ்வொரு பாரம். தராசு உங்களுக்குப் பொய் சொல்லும்."

"இது நான் எத்தினை நாள் செய்த வேலை, தெரியுமோ?"

"தெரியும். இண்டைக்கு எனக்கும் வேலைதான்."

அவர் தகரத்தைத் திறந்து முதல் ரவையை என்னிடம் நீட்டினார். டொக், டொக். கழன்ற மருந்தை ஒவ்வொன்றாகத் தராசுத் தட்டில் கொட்டிப் பார்த்தோம். சரி, சரி, சரி. தகரம் முடிந்தது, ஒன்றும் இல்லை. அவள் பாதி சுட்டிருந்த பெட்டியும் முடிந்தது. அதிலும் இல்லை. சிவம் அண்ணையின் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஒருவேளை இரட்டை விழவே இல்லையோ என்று எனக்கும் தோன்றத் தொடங்கியது. களைத்துப்போனால் மனம் நல்லதைத்தான் நம்பப் பார்க்கும்.

திறக்காத பெட்டி மட்டும் மிச்சம். போட்டிக்கென்று அவள் வைத்திருந்த பெட்டி அது. என் தோள் முடியாது என்றது. ஆரணி சுத்தியலை வாங்கிக்கொண்டாள். பெட்டியின் நடுவில் ஒரு ரவையை அடித்துக் கொட்டியபோது, தட்டில் விழுந்த குவியலைப் பார்த்து அவள் கை நின்றுவிட்டது. தராசைப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

சிவம் அண்ணை எழும்பினார். எழும்பிய வேகத்தில் பிஸ்கட் தகரம் மடியிலிருந்து விழுந்து, பிரித்துப் போட்ட கோதெல்லாம் நிலத்தில் உருண்டது. அவர் அதைப் பொறுக்கக் குனியவில்லை. கதவைத் திறந்துகொண்டு கார்கள் நிறுத்தும் இடத்துக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது.

அந்த நேரம் பார்த்து மேசையில் அவருடைய போன் அடித்தது. கனடா அக்கா. ஆரணி போனை எடுத்து, சத்தத்தை நிறுத்தி, தன் ஜாக்கெட் பைக்குள் போட்டுக்கொண்டு தகப்பனிடம் போனாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நான் கோது பொறுக்கினேன்.

6. கவுண்டரில் நிற்கப் போகிறவர்களுக்கு

சிவம் அண்ணை இத்தோடு பிரஸை விற்றுவிடுவார் என்று நினைத்தேன். பென்ட் அதற்கு ஒரு விலையும் யோசித்து வைத்திருந்தார். ஆனால் சிவம் அண்ணை விற்கவில்லை. சில மாதம் கழித்துப் பிரைமர் வாங்க வந்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில், கேட்காமலே பதில் வந்தது.

"ஆரணி இல்லாமல் தொடுறதில்லை, தங்கச்சி. சத்தியமா."

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரஸின் பிடி இறுகிவிட்டதென்று என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். திருத்திக் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கும்போது அவர்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன்கள் குசினியில் அடுப்புப் பக்கம் கிடந்தன. தகப்பன் ஒரு கோதில் மருந்து போடுகிறார். மகள் டோர்ச் அடித்து உள்ளே பார்த்துவிட்டு "ஓம்" என்கிறாள். அவள் சொல்லும்வரைக்கும் அவர் அடுத்ததைத் தொடுவதில்லை. வேறு பேச்சே கிடையாது. அப்படிச் செய்தால் வேலை ஊர்ந்துதான் போகும். பெற்றோல் காசையும் பிள்ளையின் ரயில் காசையும் சேர்த்துப் பார்த்தால் மிச்சம் என்று ஒன்றும் வராது.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். என் இடத்துக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. எவ்வளவு மிச்சம் வரும் என்று கேட்டுக்கொண்டு ஆள் வந்தால், உடனே கணக்குச் சொல்லாதீர்கள். நீங்கள் போட்ட மருந்தைப் பார்க்க வீட்டில் இன்னொருவர் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால் கடை ரவையே அவருக்கு மலிவு.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்குப் புறப்படும்போதும் படிக்கட்டுவரைக்கும் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. ஓம். பிறகு கொஞ்சம் அமைதி. மறுபடி, ஓம். அந்தப் பிள்ளை தகப்பனோடு அவ்வளவு தமிழ் கதைத்து நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.