தேய்க்க மறுத்த கை

இரண்டு வருடத்துக்கு முன்பு, குற்றாலத்தில் சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்த ஆடி மாதம். என் வீட்டுக்காரருக்கு இடது முழங்காலில் மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. தையல் பிரித்து, தென்காசியில் எங்கள் வீட்டுக்குள் வாக்கரைப் பிடித்து நடக்க ஆரம்பித்திருந்தார். திடீரென்று அந்தக் காலில் கெண்டைச்சதை வீங்கிக்கொண்டது. வலி வேறு.

எல்லாம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. நரம்பு பிடித்திருக்கிறது, எண்ணெய் தேய்த்தால் சரியாகிவிடும் என்று நானே முடிவுகட்டினேன். ஆட்டோ பிடித்து ஐந்தருவிக்குக் கூட்டிப் போனேன். குளிக்க இல்லை, அங்கே எண்ணெய் தேய்த்துவிடுபவர்களிடம் காலைக் காட்டத்தான்.

அவர்களில் ஒருவர் முன்னால் இவரை உட்காரவைத்தேன். அந்த மனிதருக்கு நாற்பது வயதிருக்கும். உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு காலைத் தொட்டவர், சட்டென்று கையை எடுத்துவிட்டார். மற்ற காலையும் தொட்டுப் பார்த்தார்.

"இந்தக் கால் மட்டும் சுடுது அண்ணாச்சி. நான் தேய்க்க மாட்டேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "தேய்க்கதுக்குத்தான உக்காந்திருக்க? பெரிய டாக்டரு மாதிரி பேசுதியே!" என்று எல்லோரும் பார்க்கக் கத்தினேன்.

"சும்மா இருட்டி, அவரு சொல்லுததைக் கேளு" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஆபரேசன் பண்ணுன காலு வீங்கிச் சுட்டா கை வைக்கக் கூடாதுன்னு, இங்கன குளிக்க வந்த டாக்டர் ஒருத்தர் சொல்லிட்டுப் போயிருக்காரும்மா. என்னைய ஏசுங்க, பரவால்ல. இப்பமே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றவர், கையைத் துடைத்துவிட்டு என் வீட்டுக்காரரைத் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார்.

தென்காசியில் ஸ்கேன் எடுத்தார்கள். காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருந்தது. தேய்த்திருந்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்து, உயிரே போயிருக்கலாம் என்றார் டாக்டர். ரத்தம் உறையாமல் இருக்க ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்று கேட்டார். வயிறு எரிகிறது என்று என் வீட்டுக்காரர் சொன்னதும், யாரையும் கேட்காமல் பத்தே நாளில் அதை நிறுத்தியது நான்தான். அதைச் சொல்வதற்குள் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார். பிறகு ஐந்தருவிக்குப் போய் அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அண்ணாச்சி நடக்காரா? அது போதும்மா" என்றார்.

அவர் மன்னித்துவிட்டார். ஆனால் என் வீட்டுக்காரர் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்கும்போதெல்லாம், என் அரைகுறை அறிவு அந்தச் சத்தத்தையே இல்லாமல் ஆக்கியிருக்குமே என்று இன்றும் நெஞ்சு பதறுகிறது.