அம்மா வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்த ஞாயிறு

அம்மா மாலத்தீவில் ஒரு குட்டித் தீவுக்கு நர்ஸ் வேலைக்குப் போனபோது எனக்கு எட்டு வயது. அங்கே கடிகாரம் நம்மைவிட அரை மணி நேரம் பிந்தி ஓடும் என்று யாரோ சொன்னார்கள். நாங்கள் வாழ்ந்து முடித்த அரை மணியைத்தான் அம்மா அங்கே வாழ்கிறாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கூட்ஸ் வண்டி போனால், அது இன்னும் சற்று நேரத்தில் அம்மாவின் கடலோரமாகப் போகும் என்று நினைத்துக்கொள்வேன்.

என் நைனா, அதாவது அப்பா, துறைமுகத்தில் டிரெய்லர் லாரி ஓட்டினார். போகாதே என்று அவர் சொல்லியும் அம்மா போய்விட்டாள். அன்றிலிருந்து அவளோடு அவர் பேசவில்லை. வீடியோ கால் வந்தால் போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார்.

“நைனா சாப்ட்டாரான்னு கேளு பாப்பா” என்பாள் அம்மா.

“துன்னாச்சுன்னு சொல்லு” என்பார் நைனா.

ஒருவர் குரல் மற்றவருக்கு நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் ஒருமுறை திருப்பிச் சொன்னால்தான் அந்த வார்த்தை போய்ச் சேரும். அதை ஒரு விளையாட்டு என்றே எண்ணியிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்குள் நுழையும்போதே அம்மா கூப்பிட்டாள். ஹாஸ்டலை விட்டு அன்றுதான் ஒரு தனி வீட்டுக்கு மாறியிருந்தாள். குழாயைத் திறந்து காட்டினாள். அது புஸ்ஸென்று மூச்சு விட்டதோடு சரி. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மோட்டார் ஓடுகிறது, குழாயில் மட்டும் ஒரு சொட்டு இல்லை. வீட்டுக்காரர் படகேறி வேறு தீவுக்குப் போய்விட்டார். இரவு டூட்டி முடித்து வந்தவள் இன்னும் குளிக்கவில்லை.

“இன்னா செய்றதுன்னே தெரில பாப்பா” என்றாள். அவள் உதடு கோணிக்கொண்டது.

நைனா சுவரிலிருந்து திரும்பினார். “மோட்டார காட்டச் சொல்லு.”

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா கிணற்றடிக்குப் போயிருந்தாள்.

“உள்ள காத்து பூந்துகினு கீது” என்றார் நைனா. இந்த முறை என்னிடம் சொல்லவில்லை. “நம்ம கைபம்பு காஞ்சா இன்னா பண்ணுவ? மேல ஒரு சொம்பு தண்ணி ஊத்திட்டுத்தானே அடிப்ப? அதே கததான். மொதல்ல சுவிட்ச ஆஃப் பண்ணு. அப்பால மேல கீற மூடிய தொற.”

போன் எப்போது என் கையிலிருந்து அவர் கைக்குப் போனது என்று தெரியவில்லை. அம்மா தன் போனைத் தென்னை மரத்தில் சாய்த்து வைத்திருந்தாள். திரையில் பாதிக்கு மேல் வானம். ஒரு ஓலை மெல்ல ஆடியது. கீழே ஓரத்தில் அம்மாவின் முழங்கையும் ஒரு குறடும் வந்து வந்து போயின.

“மூடி தொறக்க மாட்டேங்குதுங்க.”

“எடது பக்கமா திருப்பு. பயப்படாத.”

“நான் பயப்படல.”

“தெரியும். நீ எதுக்குத்தான் பயந்த?”

குறடு மறுபடி திரைக்குள் வந்து இடப்பக்கமாகத் திரும்பியது.

மூடி கழன்றது. பக்கத்து வீட்டில் வாங்கி வந்த மழைத்தண்ணீரை அம்மா சொம்பு சொம்பாக ஊற்றினாள். உள்ளே குமிழி விட்டுக் காற்று வெளியேறியது. தண்ணீர் தளும்பி நின்றதும் மூடியை இறுக்கி சுவிட்சைப் போட்டாள். மோட்டார் முதலில் கத்தி, பிறகு அடங்கி, தாழ்ந்த குரலில் ஓட ஆரம்பித்தது. அம்மா போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். வானம், வாசல், சுவர் எல்லாம் சேர்ந்து ஓடின. குழாய் இருமியது, துப்பியது, பிறகு செக்கச்செவேலென்று கொட்டியது.

“வந்துட்ச்சு!” என்று நான் குதித்தேன்.

“மூடாத. துரு போவட்டும்” என்றார் நைனா.

மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சிவப்பு வெளிறி மஞ்சளானது, மஞ்சளும் போனது. வாளியின் அடிப்பாகம்கூடத் தெரிந்தது.

“தெளிஞ்சிட்ச்சு நைனா.”

“இல்ல, இன்னும் கீது பாரு.”

“ஆமா, இன்னும் கீது” என்றாள் அம்மா. அவளும் மூடவில்லை. நைனாவும் போனை என்னிடம் திருப்பித் தரவில்லை.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தப்பு போனில்தான் இருக்க வேண்டும் என்று நினைத்து, எட்டி, என் பாவாடை நுனியால் திரையை அழுத்தித் துடைத்தேன்.