மூணாவது படியும் ரெண்டு ஆசிட்டும்

"இந்த ஏணியோட மூணாவது படி சரியில்ல."

காலையில் ஏணியைத் தோளில் தூக்கும்போது ஒரு தடவை. சாயங்காலம் வந்து சுவரில் சாத்தும்போது ஒரு தடவை. நடுவில் காபி டம்ளரைக் கையில் கொடுத்தால் அதற்கும் ஒரு தடவை. இரண்டு மாதமாக அந்த வீட்டில் இந்தப் பாட்டுதான்.

சொல்கிறவள் பெயிண்டர். சுவருக்கு வெள்ளையடிக்கிற, ஜன்னலுக்கு வார்னிஷ் பூசுகிற பெயிண்டர். அவளுக்கு 'ரெண்டு கோட்டு' என்றுதான் பட்டப்பேர். "ஒரு கோட்டு அடிச்சா போதாதாம்மா?" என்று கேட்ட வீட்டில் தூரிகையை வைத்துவிட்டு வெளியே வந்து நின்றவள்.

கேட்டுக்கொள்கிறவர் அவள் புருஷன். தச்சர். அந்த ஏணியைச் செய்தவரே அவர்தான். கட்டிக்கொண்டவளே தினம் மூணு வேளை தன் வேலையில் குறை சொன்னால் எந்த ஆம்பிளைக்குத்தான் பொறுக்கும்? முதலில் அந்தப் படியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பிறகு இழைப்புளி போட்டு இழைத்தார்.

"இனிமே இழைச்சா படி இருக்காது. காத்துலதான் கால் வைக்கணும்" என்றார்.

"அப்பவும் குத்தும். உங்க கைவரிசை அப்படி."

மனுஷன் ரோஷப்பட்டுப் பழைய படியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசாகவே ஒன்று செய்து மாட்டினார். மறுநாள் சாயங்காலம் அவள் வந்து சாவகாசமாகச் சொன்னாள். "இப்ப நாலாவது படி சரியில்ல."

அவர் உளியைக் கீழே வைத்தார். "உக்காரு. காலக் காட்டு."

வெறுங்காலோடு ஏறி இறங்குகிற பாதம். சுண்ணாம்பும் சுவருக்குப் பூசுகிற பட்டியும் காய்ந்து அப்பியிருந்தது. அவளே இதுவரை அதைத் திருப்பிப் பார்த்ததில்லை. அவர் ஈரத்துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு காலிலும், விரல்களுக்குக் கீழே, ஏணிப்படி சரியாக அழுத்துகிற இடத்தில் ஒவ்வொரு தடிப்பு. இடதில் பட்டாணி அளவு. வலதில் அதைவிடப் பெரிசு.

"தேக்குல முடிச்சு விழுந்த மாதிரி இருக்கே" என்றார். மரத்தைப் பார்த்த கண் அல்லவா!

"கால் ஆணிதான். ரெண்டு நாள்ல போயிடும்."

"ரெண்டு மாசமா என் ஏணியத் திட்டினியே, அதுக்கு என்ன சொல்ற?"

ஏணியிடம் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

வேறு சமயமாக இருந்திருந்தால் அப்படியே விட்டிருப்பாள். ஆனால் அந்த வாரம்தான் ஊர் நூலகர் அவளைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். பத்து வாரம் கழித்து வாசிப்பு அறையைப் பதினைந்து நாள் மூடப்போகிறார்கள், மேல்கூரைக்கு வர்ணம் அடிக்க வேண்டும். "பத்து வருஷத்துக்கு முன்னாடி அடிச்சவங்க நீங்க. உங்களால ஏற முடியும்னா உங்களுக்குத்தான். முடியலன்னா சொல்லிடுங்க, மெஷின் வச்சு அடிக்கிற கான்ட்ராக்டர் இருக்கார்."

அவளுக்குச் சுருக்கென்றது. பத்து வருஷத்துக்கு முன்னால், அவளுடைய முதல் பெரிய வேலை அது. கடைசி நாளில், செய்தித்தாள் மேஜைக்கு நேர் மேலே, உள்ளங்கை அகலத்துக்கு வர்ணம் பத்தாமல் போய்விட்டது. புதுசாக ஒரு டப்பா கலந்து பூசினாள். காய்ந்த பிறகு பார்த்தால் ஒரு பிடி மஞ்சள் கூடுதல். யாருமே கண்டுபிடிக்கவில்லை. அவள் மட்டும் பத்து வருஷமாக அந்த மேஜைப் பக்கம் உட்காருவதில்லை. இப்போது அந்தத் தப்பின் மேல் யாரோ ஒருத்தன் வந்து மெஷினால் ஒற்றைக் கோட்டு ஊதிவிட்டுப் போவானா? உயிர் போனாலும் விடமாட்டாள்.

மறுநாளே தோல் டாக்டரம்மாவின் அறையில் போய்க் காலை நீட்டினாள்.

"இது ஆணி இல்லம்மா, மரு" என்றார் டாக்டரம்மா. "உள்ள கறுப்புப் புள்ளி தெரியுது பாருங்க. ஆணியில அது இருக்காது. சர்க்கரை வியாதி இருக்கா? கால் மரத்துப் போறது உண்டா?"

"இல்ல. ஏன்?"

"இருந்தா வீட்டுல ஆசிட் வைக்க விடமாட்டேன். அதான் கேட்டேன்."

பிறகு இரண்டு வழி சொன்னார். ஒன்று சாலிசிலிக் ஆசிட். தினமும் வீட்டிலேயே பூசிக்கொள்ளலாம். வலி அவ்வளவாக இருக்காது. ஆனால் பன்னிரண்டு வாரம்கூட ஆகும். இன்னொன்று நீளமான பேர் உள்ள ஆசிட், ட்ரைக்ளோரோ அசிட்டிக். அதை டாக்டர்தான் வைக்க வேண்டும், ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. சுரீரென்று எரியும், இடம் வெள்ளையாக வெளுத்துப்போகும், ஒன்றிரண்டு நாள் நொண்ட வேண்டியிருக்கும்.

ரெண்டு கோட்டு யோசித்தாள். வர்ணம் தேர்ந்தெடுக்கத் தெரியாமல் முழிக்கிறவர்களுக்கு அவள் என்ன செய்வாள்? சுவரில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கட்டம் பூசிவிட்டு, "ஒரு வாரம் பாத்துட்டுச் சொல்லுங்க" என்று வந்துவிடுவாள்.

"டாக்டரம்மா, இடது கால்ல இது, வலது கால்ல அது. எது நல்லா பிடிக்குதுன்னு பாத்துட்டு அதையே ரெண்டுக்கும் வச்சுக்கலாம்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ரெண்டு மருவும் ஒண்ணு இல்லம்மா. வலது பெரிசு, பழசு. செங்கல் சுவர்ல ஒரு கட்டம், மரக்கதவுல ஒரு கட்டம் பூசிட்டு ஒப்பிடுவீங்களா?" ஆனாலும் ஒத்துக்கொண்டார். இடது காலுக்கு எப்படிப் பூச வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். அதை அவள் நாலாக மடித்துப் பையில் போட்டாள். பூசுவதற்கு எனக்கே தாளா என்று நினைப்பு.

வலது காலில் ஆசிட் வைத்த அன்று, வாசல் படி ஏறும்வரை எல்லாரையும் திட்டிக்கொண்டே வந்தாள். மூன்றாவது வாரத்தில் அந்த மரு கறுத்து, மேல்தோல் கழன்று வந்தது. இடதிலோ ஒரு வெள்ளைப் பக்கு மட்டும் படிந்து, இருந்த இடத்திலேயே இருந்தது.

அவளுக்குப் பொறுக்கவில்லை. "இது என்ன மருந்து, தண்ணி கலந்த சுண்ணாம்பு மாதிரி!" காலையில் ஒரு கோட்டு, ராத்திரி ஒரு கோட்டு என்று அப்ப ஆரம்பித்தாள். பழைய பக்கைச் சுரண்டவில்லை, தொட்டால் வலிக்குமோ என்று பயம். ஓரம் பார்க்கவில்லை. மருவைச் சுற்றி ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் பூசினாள்.

நாலே நாளில் சுற்றியிருந்த நல்ல தோல் சிவந்து வெந்துபோய்விட்டது. செருப்புப் போட முடியவில்லை. வலது காலில் முந்தின நாள்தான் டாக்டரம்மா மூன்றாவது தடவை வைத்திருந்தார். இரண்டு காலும் நொண்டினால் எந்தக் காலில் நொண்டுவது? சுவரைப் பிடித்துக்கொண்டு போன அவளைத் தச்சர் பார்த்தார்.

"ஜன்னல் கண்ணாடிக்கு டேப் ஒட்டுற. சுவிட்சுக்கு டேப் ஒட்டுற. ஊரான் வீட்டுத் தரையில ஒரு சொட்டு விழுந்தா பதறுற. இது மட்டும் என்ன, அடுத்த வீட்டுக்காரன் காலா?"

"வலிக்குதுங்க. இப்ப பேசாதீங்க."

"வலிக்கும்போதுதான் நீ கேப்ப."

மறுபடி போய் நின்றால் டாக்டரம்மா அதற்கு மேல். "உரிஞ்சு நிக்கிற பழைய பெயிண்ட் மேலேயே புதுசு அடிப்பீங்களா?"

ரெண்டு கோட்டு பையிலிருந்து, நாலாக மடித்த அந்தத் தாளை எடுத்துப் பிரித்தாள். அவளை அப்படிப் பார்த்தவர்கள் குறைவு. ஒரு வாரம் எதையும் பூசக் கூடாது, புண் ஆறட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார் டாக்டரம்மா. பத்து வாரத்தில் ஒன்று தண்டமாகப் போனது.

அதற்கப்புறம்தான் அவள் தன் காலை ஒரு சுவராக மதித்தாள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைப்பாள். ஈரத்தை ஒற்றி எடுப்பாள். ஊறி வெளுத்த செத்த தோலை மட்டும் தேய்ப்பாள், வலி தெரிகிற இடத்தில் நிறுத்திவிடுவாள். தேய்க்கத் தச்சரே மெல்லிய பட்டைக் குச்சிகளில் உப்புத்தாள் ஒட்டிக் கொடுத்தார். "இது இந்த மருவுக்கு மட்டும். வலது கால்ல படக்கூடாது, வேற யாரும் தொடக்கூடாது, பரவும்" என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால், வாரத்துக்கு ஒரு குச்சி, பழசு குப்பைக்கு. பிறகு மருவைச் சுற்றி நல்ல தோலில் வாஸ்லின் தடவி ஒரு வளையம். அதுதான் டேப். நடுவில் ஒரே ஒரு சொட்டு, பல்குச்சி நுனியால். காயவிட்டு மேலே பிளாஸ்திரி.

"ஒத்தக் கோட்டா?" என்று தச்சர் எட்டிப் பார்ப்பார்.

"போய் உங்க வேலையப் பாருங்க."

எட்டாவது வாரம் வலது கால் மரு போயே போய்விட்டது. ஐந்து தடவை போய் ஐந்து தடவையும் நொண்டியதற்குக் கூலி. இடதில் பத்தாவது வாரமும் கடுகளவு மிச்சம் இருந்தது. ஆனால் அழுத்தினால் வலிக்கவில்லை. எது உசத்தி என்று கேட்டால் அவள் நேராகச் சொல்லிவிடுவாள்: "ஒண்ணு வேகம், ஆனா அழவைக்கும். இன்னொண்ணு மெதுவு, ஆனா வேலைக்குப் போயிட்டே இருக்கலாம். கெட்டது ரெண்டு மருந்தும் இல்ல, என் அவசரம்தான்."

நூலகம் மூடிய அன்று வாசிப்பு அறையில் ஏணியைச் சாத்தினார்கள். தச்சர் கீழே பிடித்துக்கொண்டார். ஒன்று, இரண்டு. மூன்றாவது படியில் அவள் நின்றாள்.

"என்ன? சரியில்லையா?" அவர் குரலில் கொஞ்சம் பயம்.

"படி நல்லாத்தான் இருக்கு."

"காதுல விழல. இன்னொரு தடவ சொல்லு."

"ரெண்டு கோட்டெல்லாம் சுவருக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு ஏறிப் போய்விட்டாள். மேலே போனதும் முதலில் அந்த மஞ்சள் கறையைத்தான் சுரண்டினாள். பிறகு ப்ரைமர். பிறகு, சொல்லவா வேண்டும், இரண்டு கோட்டு.

அடுத்த வாரம் அந்தக் கடுகளவும் போய்விட்டது. இப்போதெல்லாம் வேலை இல்லாத மத்தியானங்களில் அவள் அந்தச் செய்தித்தாள் மேஜையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். கையில் பேப்பர் இருக்கும், கண் என்னவோ மேலேதான். ஒரு நடை போய்ப் பாருங்கள். சுவருக்கு வர்ணம் கேட்டுப் போனாலும் சரி, கால் வலிக்கிறது என்று போனாலும் சரி, முதலில் செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டச் சொல்வாள். கூச்சப்படாமல் காட்டுங்கள். புள்ளி தெரிந்தால் டாக்டரம்மாவிடம் விரட்டிவிடுவாள். உப்புத்தாள் குச்சி மட்டும் இரவல் கேட்காதீர்கள்.