சுப்பராயலுவின் போருக்குள் விட்ட கயிறு

நான் யானை என்றால் எலி என்று குறைத்துக்கொள்கிறவள் என் மனைவி மஞ்சுளா. நீங்களும் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தக் கயிறு விஷயத்தில் ஓர் அங்குலம்கூடக் குறைக்காதீர்கள்... இது நடந்தது. என் உள்ளங்கையில் தழும்பு இருக்கிறது.

போன சித்திரை, அபிஷேகப்பாக்கம். பேய்கூடக் குடை பிடிக்கும் உச்சி வெயில். என் மச்சினன் சுப்பராயலுவின் கரும்பு சுருண்டுகொண்டிருந்தது. ஒரு வாரத்துக்குள் தண்ணீர் கிடைக்காவிட்டால் அத்தனையும் அடுப்புக்குத்தான். பழைய ஆழ்துளைப் போரில் ஊற்று இருக்கிறதா என்று பார்க்கப் போனோம்.

அந்த இடம் முன்பு கிணறு. வற்றியதும் அதன் அடியிலேயே போர் போட்டு, குழாயை மேலே வரை ஏற்றி, சுற்றிலும் மண்ணைக் கொட்டித் தூர்த்துவிட்டான். இப்போது வெளியே முழங்கால் உயரக் குழாய் மட்டும். அதற்குள் ஒரு தலைகூட நுழையாது.

கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினேன். தொய்ந்தது.

"தண்ணி வந்துடுச்சு மாமா!"

"வந்தா சத்தம் கேக்கணும்டா."

சத்தமே இல்லை.

பிறகு கயிற்றை யாரோ இழுத்தார்கள்.

விசுக்... விசுக்.

நின்றது.

விசுக்... விசுக்.

"மீனு கீனு இருக்கும் மாமா."

"போருக்குள்ள இன்னாடா மீனு? சுறாவா?"

சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை.

மேலே இழுத்தேன். எருமைக் கனம்... சரி, ஓர் ஆள் கனம். கை கிழிந்தது.

குழாய்க்குள் நகம் பிராண்டும் சத்தம்.

ஏறி வருகிறது...

இன்னும் அருகில்...

சட்டென்று கனம் போயிற்று.

கயிறு மட்டும் வந்தது. கல் இல்லை. நுனியில் சேறு படிந்த ஒரு சுருக்கு. ஓர் ஆள் உட்காரும் அளவு.

களை எடுத்துக்கொண்டிருந்த காசம்மாள் ஓடி வந்தாள். சுருக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது எங்க வூட்டுக்காரரு போடற சுருக்கு. கெணத்துல எறங்கனா இதுலதான் குந்துவாரு. ரெண்டு வாட்டி இழுத்தா, மேல தூக்குன்னு அர்த்தம்."

அவள் கணவன் சாமிக்கண்ணு. கிணறு தூர்த்த அன்றிலிருந்து ஊரில் இல்லை.

"திருப்பூர் போயிட்டாருன்னு நீங்கதானே ஐயா சொன்னீங்க?"

சுப்பராயலு அவளைப் பார்க்காமல் வரப்பில் ஏறி நடந்தான்.

கரும்பு காய்ந்தே போயிற்று. இப்போது அந்தக் குழாய்ப் பக்கம் யாரும் போவதில்லை.

காசம்மாள் மட்டும் போகிறாள். கயிற்றோடு...