எடுத்துச் செல்லப்படாத மடிக்கணினி

திட்டம் முடிந்த நாளில் அலுவலக மடிக்கணினியைச் சார்ஜருடன் திருப்பிக் கொடுத்து, ஒப்படைத்ததற்கான தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். சமூகப்பணியில் முதுகலை முடித்து, ஒரு தொண்டு நிறுவனத்துக்காக ஐந்தாண்டுகள் குடியிருப்புகளில் கணக்கெடுப்பு நடத்தியவள் நான். நிதி நின்றது, திட்டமும் நின்றது. வருத்தம் வரும் என்று சில நாட்கள் எதிர்பார்த்தேன். அது வரவில்லை. அதற்குள் அப்பாவின் மூச்சிரைப்பு முற்றிவிட்டிருந்தது.

அப்பா துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் பகுதியில் வேலை பார்த்தவர். ராயபுரத்தில் எங்கள் இரண்டாம் மாடி வீட்டிலிருந்து தெருவுக்கு இறங்கி ஏற இப்போது அவரால் முடியாது. மூச்சு அடைத்துக்கொண்டால் நெபுலைசரை எடுத்து முகத்தில் பொருத்த அருகில் ஓர் ஆள் இருக்க வேண்டும். வீட்டில் வேறு ஆள் கிடையாது. ஆகவே வீட்டிலிருந்தே பார்க்கக்கூடிய வேலையாகத் தேடினேன். வாடிக்கையாளர் புகார்களைக் கணினி வழியே கேட்டுப் பதில் சொல்லும் வேலை ஒன்று அமைவது போலிருந்தது. சொந்தமாகக் கணினி வேண்டும், கேமரா வேண்டும், எட்டு ஜிபி ரேம் வேண்டும், அமைதியான அறை வேண்டும் என்று நிபந்தனைத் தாள் அனுப்பினார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சோதனை. தவறினால் வாய்ப்பு அடுத்தவருக்குப் போய்விடும்.

சனிக்கிழமை மதியம், பக்கத்து வீட்டு அம்மாவை அப்பாவுக்குத் துணையாக உட்காரவைத்துவிட்டு, பதின்மூன்றாயிரம் ரூபாயுடன் தண்டையார்பேட்டையில் ஒரு பழைய கணினிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து பல ஆண்டுகளாக இங்கே கடை வைத்திருப்பவர். சுற்று வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். என் நிபந்தனைத் தாளை வாசித்துவிட்டு, உள்ளே போய்ச் சாம்பல் நிற மடிக்கணினி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். விலை பன்னிரண்டாயிரம், ஒரு மாத வாரண்டி.

ஒரு மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்து சோதித்தேன். கேமராவில் என் முகம் தெரிந்தது. விசைகள் எல்லாம் வேலை செய்தன. திருப்பிப் பார்த்தபோது அடியில் ஒட்டியிருந்த சிறு காகிதத்தில் ஒரு தொலைபேசி எண்ணும், “டிஸ்ப்ளே மாத்தணும், 2800” என்ற குறிப்பும் இருந்தன.

“அண்ணாச்சி, இது யாரோ ரிப்பேருக்குக் குடுத்ததா?”

“ஆமா. போர்டைப் பாக்கலையா நீ?” என்று சுவரைக் காட்டினார். மூன்று மாதத்துக்குள் எடுக்காத பொருளுக்குக் கடை பொறுப்பல்ல என்று எழுதியிருந்தது. “நாலு மாசமாச்சு. வாடகை வாங்காமல்லா வச்சிருக்கேன்.”

“விக்கப் போறீங்கன்னு அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சு அவங்க என்ன செய்யப் போறாங்க?”

நான் பார்த்த வேலையில், ஒருவரிடமிருந்து எதைப் பெறுவதானாலும், பெயராக இருந்தாலும்கூட, அவர் ஒப்புதலைக் கேட்டே பெற வேண்டும். அந்தப் பழக்கம் மட்டும் என்னிடம் மிஞ்சியிருந்தது. இரக்கத்தினால் கேட்டேன் என்று சொல்ல முடியாது.

“ஒரு தடவ போன் பண்ணிக் கேட்டுருவோமே, அண்ணாச்சி.”

“ஏம்மா, நீ பொருள் வாங்க வந்தியா, பஞ்சாயத்து பண்ண வந்தியா? போனைப் போட்டா பொருள் போயிரும், பாத்துக்க.”

என் கைப்பேசியிலிருந்து அழைத்தேன். ஒரு பெண் எடுத்தார். விவரம் சொன்னதும், “இன்னாது, அது இன்னும் கீதா?” என்றவர், நான் மேற்கொண்டு பேசுவதற்குள் “தோ வந்துகினே கீறேன்” என்று வைத்துவிட்டார். அரைமணி நேரத்தில் புளியந்தோப்பிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். நாற்பது வயதிருக்கும். துணி ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் பிசிறு வெட்டும் வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். புடவையில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

“இன்னா அண்ணாச்சி, எம் பொருள என்னாண்ட கேக்காத தூக்கிக் குடுக்கிற? நல்லாக்கீதே உன் நாயம்!”

“எத்தனை தடவ போன் போட்டேன்? எடுத்தியா நீ?”

“காசு இல்லாத எட்து இன்னா பேசறது? சொகமா கீறியா, கடல தின்னியான்னா?”

அண்ணாச்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு, இரண்டாயிரத்து எண்ணூறைக் கொடுத்துவிட்டு இப்போதே எடுத்துப் போகச் சொன்னார். அந்த அக்காவின் பர்ஸில் முந்நூறு ரூபாய் இருந்தது. மகள் கல்லூரிப் படிப்புக்காகத் தவணையில் வாங்கிய கணினி அது. கீழே விழுந்து திரை உடைந்தது. இப்போது மகள் எல்லாவற்றையும் தோழியின் கைப்பேசியில் எழுதுவதாகச் சொன்னார்.

“எத்தினிக்கு வாங்கற நீ?” என்று என்னிடம் கேட்டார்.

“பன்னண்டாயிரம்கா.”

“அடப்பாவி!” என்று அண்ணாச்சியின் பக்கம் திரும்பினார். “உன் ரெண்டாயிரத்து எண்ணூற எட்துகினு மீதிய எனுக்குக் குடு.”

அதன்பின் நடந்த பேச்சில் நான் அதிகம் கலந்துகொள்ளவில்லை. பாதிக்கப்படுவோர் யார் யார் என்று, கணக்கெடுப்புப் படிவத்தை நிரப்புவதைப் போல, மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். கடைக்காரர், இந்த அக்கா, அவர் மகள், நான். அக்காவுக்கு இரண்டாயிரத்தைந்நூறு ரூபாய் கடனாகக் கொடுத்தால் கணினி அதற்கு உரியவரின் வீட்டுக்குப் போய்விடும் என்பது எனக்குத் தெளிவாகவே தெரிந்திருந்தது. அந்தத் தொகை என் பையில் இருந்தது. ஆனால் என் விலைக்குக் கடையில் வேறு கணினி இல்லை, திங்கட்கிழமைக்கு முன் இன்னொரு கடை தேடிப் போக நாளும் இல்லை. நான் அதைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

முடிவில் அண்ணாச்சிக்கு எட்டாயிரம், அக்காவுக்கு நாலாயிரம் என்று தீர்ந்தது. நியாயமான கணக்கு அதுவல்ல. பணத்தை வாங்கிக்கொண்ட அக்கா, கணினியின் மூடியைப் புடவைத் தலைப்பால் ஒருமுறை துடைத்தார்.

“நீ போன் பண்ணலன்னா இதுவும் கெடச்சிருக்காது. நல்லா இரு கண்ணு.”

தலையசைத்தேன். அண்ணாச்சி ரசீதில் ‘வாரண்டி ஒரு மாதம்’ என்று முன்பே எழுதியிருந்த வரியைப் பேனாவால் அடித்தார்.

“லாவத்தைப் பிச்சுக் குடுத்தாச்சு. இனிமே இது என் கடைப் பொருள் இல்ல. சரியா?”

சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனியின் மென்பொருளை ஏற்றிப் பார்த்தேன். எல்லாம் ஓடின. ஆனால் ஹெட்போன் செருகும் துளை செத்துப்போயிருந்தது. வாயருகே மைக் உள்ள என் இயர்போனை எத்தனை முறை செருகியும் கணினி அதை அறியவில்லை. சனிக்கிழமை நான் சோதிக்காமல் விட்டது அது ஒன்றுதான். அண்ணாச்சியை அழைத்தேன். அறுநூறு ரூபாயும் மூன்று நாளும் ஆகும் என்றார். வாரண்டி இருந்திருந்தால் வேறொன்றை மாற்றிக் கொடுத்திருப்பேன் என்பதையும், குத்திக்காட்டாமல், தகவலாகவே சொன்னார். எங்களுடையது ஒரே அறை. கணினியின் சொந்த மைக், அறையில் கேட்கும் அத்தனை ஒலியையும் வாங்கிக்கொண்டது.

திங்கட்கிழமை பத்து மணிக்குத் திரையில் ஓர் இளம்பெண் வந்தார். கேமராவும் வேகமும் சரி என்றார். குரலைச் சோதிக்கத் தொடங்கியதும் நிறுத்தினார்.

“மேடம், பின்னாடி யாரோ இருமுறாங்க. ரூம் சைலன்ட்டா இருக்கணும் மேடம். அஞ்சு நிமிஷம் டைம் தரேன், செட் பண்ணிட்டு வாங்க.”

நான் திரும்புவதற்குள் அப்பா கட்டிலிலிருந்து எழுந்துவிட்டிருந்தார். பேசினால் இருமல் வரும் என்பதால் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு, மற்றொரு கையால் ஸ்டூலைக் காட்டினார். மாடிப்படி திரும்புகிற இடத்தில் அதைக் கொண்டுபோய்ப் போட்டேன். நெபுலைசருக்கு அங்கே மின் இணைப்பு இல்லை. அவரை உட்காரவைத்தேன். கதவைச் சாத்து என்று சைகை காட்டினார். சாத்தினேன்.

“வணக்கம், உங்களுக்கு நான் எப்படி உதவலாம்?” என்ற வாக்கியத்தை மூன்று முறை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். கதவுக்கு வெளியே ஒரு சத்தமும் இல்லை. சத்தமில்லாதது நல்லதா கெட்டதா என்று யோசித்துக்கொண்டே அடுத்த வாக்கியத்தையும் வாசித்தேன். இருபது நிமிடங்களில் சோதனை முடிந்தது. நாளை முதல் வேலை என்றார் அந்தப் பெண்.

கதவைத் திறந்தேன். அப்பா சுவரில் தலையைச் சாய்த்து, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். உதடுகள் வெளுத்திருந்தன.

“ஒத்துக்கினாங்களா?”

“ஒத்துக்கிட்டாங்கபா.”

“ஒரு நாளிக்கு எத்தினி மணி நேரம்?”

“எட்டு.”

சிறிது நேரம் மூச்சு வாங்கினார். பிறகு ஸ்டூலின் விளிம்பைக் கையால் தட்டினார்.

“அப்ப இது ஆவாது. சாஞ்சிக்கிற மாதிரி சேர் ஒண்ணு வாங்கிப் போடு.”