குழுவில் வந்த கறை நீக்கும் குறிப்பு

மாக் மண்டின் தொழிற்பேட்டையில் உலோகப் பூச்சு செய்யும் ஒரு தொழிற்சாலையின் லேப்பில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அமிலத் தொட்டிகளைச் சோதிப்பது என் பொறுப்பு. என் காலத்தில் தொட்டிப் பக்கம் பெரிய விபத்து எதுவும் இல்லை. நடந்தது கழிவறையில்.

ஒருநாள் காலை, துப்புரவு வேலை செய்யும் சரோஜா அக்கா பெண்கள் கழிவறையில் விழுந்து கிடப்பதாக சூப்பர்வைசர் ரவி ஓடி வந்து சொன்னார். கதவருகே போனதும் குளோரின் நெடி தெரிந்தது. வாயுத் தடுப்பு முகக்கவசம் மாட்டிக்கொண்டு இருவருமாக அவரை வெளியே தூக்கி வந்தோம். உதடு நீலம் பாரித்திருந்தது. உள்ளே ஒரு வாளியில் பிளீச்சும் கழிவறை கழுவும் ஆசிட்டும் கலந்திருந்தன. இரண்டும் சேர்ந்தால் விஷவாயு கிளம்பும். புட்டிகளில் அந்த எச்சரிக்கை மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அக்காவுக்குப் படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். யார் இப்படிக் கலக்கச் சொன்னது என்று கேட்டேன். அக்கா கைப்பேசியை நீட்டினார். எங்கள் தொழிற்சாலைத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தி. கறை போக இரண்டையும் கலந்து ஊற்றுங்கள், இது அறிவியல், அனைவருக்கும் பகிருங்கள் என்று நல்ல தமிழில் இருந்தது. அதன் கீழே ஒரே ஒரு கட்டைவிரல் குறி. அது என்னுடையது.

வேலைக்கு ஃபெரிப் படகில் வரும்போது முழுதாகப் படிக்காமல், யாரோ சிரமப்பட்டு அனுப்பியிருக்கிறாரே என்று மரியாதைக்குப் போட்டது.

"நீங்க லேப்பு ஆளு தம்பி. நீங்களே சரின்னு போட்டிருந்தீங்க. அதான் கலந்தேன்" என்றார். அக்கா குரலில் கோபம் இல்லை. மூச்சுதான் வாங்கியது.

தொழிலாளி லேபிளைப் படிக்கவில்லை என்று விசாரணை அறிக்கை எழுதினார்கள். அவருக்கு அந்த மொழிகள் தெரியாது, குழுவில் நானும் தவறு செய்தேன், அதையும் சேருங்கள் என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"அது உங்க சொந்த போன் விஷயம்லா. ரிப்போர்ட்ல எதுக்கு?" என்றார்.

அந்த அறிக்கையில் அப்படியே கையெழுத்துப் போட்டேன். போட்டிருக்கக் கூடாது.

அக்கா வேலைக்குத் திரும்பவில்லை. பாலிக் புலாவில் மகள் வீட்டில் இருந்தார். மறு வருடம் சளிக்காய்ச்சல் நெஞ்சில் இறங்கி இறந்துபோனார். சாவு வீட்டில் மகள் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். நடந்ததைச் சொன்னேன். "தெரியும். அம்மா சொன்னாங்க" என்றாள்.

துப்புரவு அலமாரியில் தமிழில் பெரிதாக எச்சரிக்கை எழுதி ஒட்டினேன். அடுத்து வேலைக்கு வந்த பெண் நேப்பாளத்தவர். எழுதியதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். இரண்டு புட்டிகளையும் எடுத்துத் தள்ளித் தள்ளி வைத்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு, கூடாது என்று கையசைத்தேன். அவர் தலையாட்டினார். அது போதவில்லை. புட்டிகளை அவர் கையில் கொடுத்து, அவர் எனக்குச் செய்து காட்டும்வரை அங்கேயே நின்றேன்.